பாட்டின் நடுவே ஒரு பேர்

லோமா செக்கா ஊரில் பாட்டுக்குள் பேர் வராத ஆட்கள் இரண்டே பேர். ஒருவர் வயதான பாதிரியார். அவருக்குக் காது கேட்காது, அதனால் கவலையும் இல்லை. இன்னொருவர் பஞ்சர் கடை எவரிஸ்தோ. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

எங்கள் பக்கத்து அக்கார்டியன் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பாடிக்கொண்டே இருக்கும்போது, வரிக்கும் வரிக்கும் நடுவில் அக்கார்டியன் மட்டும் தனியாக வாசிக்கும் இடத்தில், தெரிந்த யாராவது ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள். "என் நண்பன் இன்னார்!" அவ்வளவுதான், மூன்று நொடி. ஆனால் அந்த மூன்று நொடி கிடைத்தவன் அதற்குப் பிறகு தெருவில் நடக்கிற நடையே வேறு. எங்கள் ஊர்ப் பல் டாக்டருக்குக் கிடைத்திருக்கிறது. லாட்டரிச் சீட்டு விற்கிறவருக்குக் கிடைத்திருக்கிறது. வெலாஸ்கோ வீட்டுக் குதிரைக்குக்கூடக் கிடைத்திருக்கிறது. குதிரை செத்து ஆறு வருஷம் ஆகிறது, அதன் பேர் இன்னமும் ரேடியோவில் வருகிறது. அது வரும்போதெல்லாம் எவரிஸ்தோ எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிட்டு வருவார்.

குதிரையைக்கூட மன்னித்துவிடலாம். ஹார்ட்வேர் கடை ஒக்தாவியோவை எப்படி மன்னிப்பது? அவருக்கு மூன்று தடவை பேர் வந்திருக்கிறது. மூன்றையும் தேதியோடு தன் லாரியின் முன்கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடியில் மிச்சமிருக்கிற இடம் வழியாகத்தான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். இத்தனைக்கும் அவர் எவரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வாய் அப்படிக் கூப்பிடும், வயிறு எரியும்.

கேட்டு வாங்கிவிட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அதுதான் முடியாது. வேறு யாராவது உங்களுக்காகப் பாடகரிடம் சொல்லலாம். உங்கள் வாயால் நீங்களே கேட்டால், தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதைவிட பேர் வராமலே சாகலாம் என்பது ஊர் வழக்கம். எவரிஸ்தோவுக்காகக் கேட்கக்கூடிய ஒரே ஆள் மனைவி தெல்ஃபினா. அவளிடம் இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"என் புருஷன் பேரைச் சொல்லுங்கய்யான்னு நான் போய் நிக்கணுமா? உன் பேரு என்ன காணாமப் போச்சா? கடை போர்டுல இருக்கு, போய்ப் படி" என்பாள்.

ஜூன் முதல் ஞாயிறு ஊர்த் திருவிழா. டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது, கோவிலுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஒரு மேடை, அவ்வளவுதான். நாற்காலி வேண்டுமென்றால் அவரவர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். காலை ஏழு மணிக்கே எவரிஸ்தோவும் தெல்ஃபினாவும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு வந்து, மேடைக்கு நேர் எதிரே உள்ள வாதுமை மரத்தில் அவற்றைப் பழைய டியூப் ரப்பரால் கட்டினார்கள். பக்கத்தில் ஒக்தாவியோ ஆறு நாற்காலிகளைப் போட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு மூணு மணிக்கு லிசாந்த்ரோ பாடுறாரு, கொம்பாத்ரே. நாலாவது தடவை வந்துட்டா எழுதக் கண்ணாடியில எடமில்ல. பின்னாடி கண்ணாடியிலதான் எழுதணும்" என்றார் ஒக்தாவியோ.

"பின்னாடி எழுதுங்க. முன்னாடி ரோடாவது மிச்சமிருக்கட்டும்" என்றாள் தெல்ஃபினா.

எவரிஸ்தோ ஐஸ் கட்டி எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குக் கிளம்பினார். மனசுக்குள் ஒக்தாவியோவின் லாரிக்கு நான்கு டயரிலும் காற்றை இறக்கிக்கொண்டே நடந்தார்.

வீட்டை ஒட்டித்தான் கடை. கடை வாசலில் ஒரு வெள்ளை வேன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பக்கத்தில் நடைபாதை விளிம்பில், தொப்பியால் விசிறிக்கொண்டு, குண்டாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். லிசாந்த்ரோ. அவரேதான். பின்னால் அக்கார்டியன், மத்தளம் எல்லாவற்றோடும் குழுவில் இன்னும் நான்கு பேர்.

எவரிஸ்தோ ஆணி போட்டு வைத்தார் என்று ஒக்தாவியோ இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். சுத்தப் பொய். அது சீமைக் கருவேல முள். எங்கள் ஊர் எல்லையில் அது ரோடு முழுக்கக் கிடக்கிறது, யாருக்கு வேண்டுமானாலும் குத்தும்.

அரை மணி நேரத்தில் பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. லிசாந்த்ரோ பையில் கைவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். ஆனா வெறும் வயித்தோட எங்க வீட்டு வாசலைத் தாண்டிட்டா எனக்குத்தான் அசிங்கம்" என்றார் எவரிஸ்தோ.

"ஒரு வாய் காப்பி குடிக்கலாம், கொம்பா" என்றார் லிசாந்த்ரோ. பாடுகிறவருக்கு எல்லோருமே 'கொம்பா'தான், கொம்பாத்ரேயின் சுருக்கம்.

"காப்பியா? ஆடு இருக்கு."

ஆடு இருந்தது என்னவோ உண்மை. தெல்ஃபினாவின் ஆடு, பேர் 'எல் கோந்தே', அதாவது ஜமீன்தார். மாத இறுதியில் வரும் சான் ஹுவான் பண்டிகைக்கென்று எட்டு மாதமாக வளர்த்தது. தெல்ஃபினாவைச் சதுக்கத்திலிருந்து கூப்பிட்டு வந்தபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆட்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எட்டு மாசம். கையால தீனி போட்டிருக்கேன்."

"தெல்ஃபினா."

"உன் பேரு மூணு நொடி. என் ஆடு முப்பது கிலோ."

"தெல்ஃபினா, குதிரைக்கே வந்திருச்சு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயசு ஆள், கையெல்லாம் டயர் கறுப்பு, கீழுதடு லேசாகத் துடித்தது. அவள் கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு இலையில் பொதிந்து வேகவைத்த சோளக் கொழுக்கட்டையும், மரவள்ளிக்கிழங்கும், தேங்காய்ச் சோறும், நடுவே ஜமீன்தாரும் மேஜைக்கு வந்தார்கள். அந்த ஐந்து பேரும் சாப்பிட்ட சாப்பாட்டை இன்னொரு தடவை பார்க்க முடியாது. மத்தளக்காரர் முதல் தட்டுக்குப் பிறகு பெல்ட்டைத் தளர்த்தினார், இரண்டாவது தட்டுக்குப் பிறகு கழற்றியே வைத்துவிட்டார். எவரிஸ்தோ பரிமாறிக்கொண்டே பேச்சை எங்கெங்கோ வளைத்துக் கொண்டுபோனார். தன் அப்பா பேர் என்ன, தாத்தா பேர் என்ன, பிரீத்தோ குடும்பம் இந்த ஊருக்கு வந்த கதை என்ன, அம்மா வழியில் அமாயா குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று எல்லாம் சொன்னார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. லிசாந்த்ரோ எலும்பை உறிஞ்சிக்கொண்டே "அப்படியா கொம்பா" என்றார்.

மூன்றாவது தட்டு போடும்போது, எவரிஸ்தோ கொழுக்கட்டை எடுக்க உள்ளே போனார். கதவுக்கு உள்பக்கம் நின்றவருக்கு மனைவியின் குரல் கேட்டது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவருக்கு ஒரு ஆசை. அவர் கேக்க மாட்டார். எனக்கும் இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனமாத்தான் படுது. ஆனா பாட்டுல ஒரு தடவை அவர் பேரைச் சொன்னா நல்லாருக்கும்."

"அக்கா, இதைச் சொல்லணுமா? மொதப் பாட்டுலயே சொல்றேன். ரெண்டு குடும்பப் பேரோட, முழுசா. எவரிஸ்தோ பிரீத்தோ அமாயா."

எவரிஸ்தோ கொழுக்கட்டைத் தட்டோடு கதவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக மாட்டேன் என்றவள் கேட்டுவிட்டாள். எழுந்து வெளியே வருவதற்குள் இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டார், தெரியாமலே.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் லிசாந்த்ரோ மாமரத்தடியில் கட்டியிருந்த கயிற்றுத் தூளியைப் பார்த்தார். "பத்து நிமிஷம், கொம்பா" என்று சொல்லிச் சாய்ந்தார். மற்ற நான்கு பேரும் கிடைத்த தூளியில், பாயில், ஒருவர் டிராக்டர் டயருக்குள், படுத்துவிட்டார்கள். ஐந்து குறட்டை, ஐந்தும் ஒரே தாளத்தில். பழகிய குழு அல்லவா.

இரண்டே முக்காலுக்கு தெல்ஃபினா சொன்னாள்: "எழுப்பு."

"நீ என்ன பேசுற? பாடுறவனை வெயில் நேரத்துல தூக்கத்துலருந்து எழுப்பினா தொண்டை போயிரும்."

இதை எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அதனால்தான் எங்கள் பாடகர்கள் யாரும் எந்த இடத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை.

"தொண்டை போச்சுன்னா பாட்டு இல்ல. பாட்டு இல்லன்னா என் பேரும் இல்ல" என்று சொல்லி எவரிஸ்தோ ஒரு அட்டையை எடுத்து லிசாந்த்ரோவுக்கு விசிற ஆரம்பித்தார்.

சதுக்கம் நான்கு தெரு தள்ளி. ஒலிபெருக்கி பேசுவது முற்றத்தில் தெளிவாகக் கேட்டது. மூன்று மணிக்கு அறிவிப்பாளர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்: "லிசாந்த்ரோ குழுவினர் எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்." மூன்றரைக்கு: "அதுவரைக்கும், குழந்தைகள் போட்டியில ஜெயிச்ச பாப்பா மறுபடியும் வாசிக்கும்." நாலே காலுக்கு: "பாப்பாவுக்கு விரல் வலிக்குதாம். பாப்பாவோட அம்மா கூட்டிட்டுப் போறாங்க."

அதற்குள் ஐந்து பேருடைய போன்களும் அடிக்க ஆரம்பித்திருந்தன. தூக்கம் கலைந்துவிடுமே என்று எவரிஸ்தோ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்ச் சோள மூட்டைக்குள் புதைத்தார். ஆழமாகப் புதைத்தார். மூட்டை உறுமிக்கொண்டே இருந்தது, கோழிகள் பக்கத்தில் போகவில்லை.

ஐந்து மணிக்கு அறிவிப்பாளரின் குரலில் மரியாதை போய்விட்டது. "குழுவை எவனாவது பிடிச்சு வச்சிருந்தா, அவன் யாருன்னு மட்டும் இந்த ஊருக்குத் தெரியட்டும். மத்ததை ஊர் பாத்துக்கும்." பின்னால் ஆயிரம் பேர் கத்துவது கேட்டது.

"எவரிஸ்தோ, இவங்க நம்மளைத் தோலை உரிச்சுருவாங்க" என்றாள் தெல்ஃபினா.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்."

அவள் பேசாமல் கடைக்குள் போய்க் காற்றடிக்கிற கம்ப்ரசரைப் போட்டாள். அந்தக் கம்ப்ரசர் 1987-இல் வாங்கியது. போட்டால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அலமாரியிலிருந்து விழும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். டயருக்குள் படுத்தவர் டயரோடு எழுந்தார்.

"மணி என்ன?" என்றார் லிசாந்த்ரோ. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

எவரிஸ்தோவும் தெல்ஃபினாவும் குறுக்குச் சந்து வழியாக ஓடி, ஐந்தேகாலுக்குத் தங்கள் நாற்காலிக்கு வந்து, காலையிலிருந்து அங்கேயே இருந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். சுற்றிலும் வெந்த முகங்கள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பக்கத்து ஊர்க்காரன் கடத்திவிட்டான் என்றார்கள். வேன் ஆற்றில் விழுந்துவிட்டது என்று ஒரு அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

லிசாந்த்ரோ மேடை ஏறியதும் கூட்டம் கூவியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். சட்டையில் குழம்புக் கறை.

"தப்பு என் பேர்ல" என்றார். "சாப்பிட்டேன். சாப்பிட்டுத் தூங்கிட்டேன்."

"எவன் வீட்டுல?" என்றது கூட்டம்.

எவரிஸ்தோ நாற்காலி விளிம்புக்கு வந்தார். இதோ வரப்போகிறது.

லிசாந்த்ரோ கூட்டத்தைப் பார்த்தார். கையில் தண்ணீர் பாக்கெட்டோடும் செருப்போடும் நிற்கிற ஆட்களைப் பார்த்தார். அப்புறம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அதைச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டு உப்பைத் தின்னிருக்கேன். அவங்களை உங்க கையில மாட்டி விடுறவன் நான் இல்ல. கழுத்தை அறுத்தாலும் அந்தப் பேரு இன்னிக்கு என் வாயில வராது."

சொல்லிவிட்டு எவரிஸ்தோ பக்கம் ஒரு கண்ணை அடித்தார். எவ்வளவு பெரிய உதவி செய்துவிட்டேன் பார் என்கிற மாதிரி.

எவரிஸ்தோ நாற்காலியில் பின்னால் சரிந்தார். எட்டு மாதம் வளர்த்த ஆடு, இருபது வருஷத்து ஆசை, எல்லாவற்றையும் இந்த மனுஷனின் நல்ல குணம் கெடுத்துவிட்டது. கெட்டவனாக இருந்திருந்தால் இந்நேரம் பேர் வந்திருக்கும்.

"இதுகூடவா புரியல? வேற யாரா இருக்கும்? பேரு பைத்தியம் பிடிச்சு அலையுற ஆளு இந்த ஊர்ல ஒருத்தன்தானே. ஒக்தாவியோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஒக்தாவியோ மறுக்கத்தான் போகிறார் என்று எவரிஸ்தோ நினைத்தார். ஒக்தாவியோ மெல்ல எழுந்தார். மீசையைத் தடவினார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். "நம்ம வீட்டுக்குப் பெரியவங்க வருவாங்க, போவாங்க. அதையெல்லாம் வெளிய சொல்லிட்டிருக்க முடியுமா?"

ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்து வந்து அவர் தோளில் வெடித்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எவரிஸ்தோ எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஊர் கிழித்துவிடும், எழாவிட்டால் ஜமீன்தார் ஒக்தாவியோவின் ஆடாகிவிடும். வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒக்தாவியோ, பக்கத்தில் இருந்தவரிடம் அடக்கமாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இன்னும் ஒன்று சொன்னார்:

"கறியில மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல். வீட்டுல அவசரமாச் சமைச்சாங்க."

தெல்ஃபினா புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"போ. போய்ச் சொல்லு."

"கொன்னுருவாங்க, தெல்ஃபினா."

"கொல்லட்டும். என் கறியில உப்பு தூக்கலாம். போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மேடைக்கு ஏழு படி. எவரிஸ்தோ ஏறி, லிசாந்த்ரோ வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதைப் பார்க்காமல் மைக்கைப் பிடித்தார். வாழ்நாளில் மைக்கில் பேசியதில்லை. அதனால் ஊரே செவிடாகும்படி கத்தினார்.

"நான்தான். என் வீடு. என் பொண்டாட்டி ஆடு. உப்பு சரியா இருந்தது. ரெண்டே முக்காலுக்கே அவ எழுப்பச் சொன்னா, நான்தான் எழுப்பல. போன் அடிச்சது, சோள மூட்டைக்குள்ள போட்டுட்டேன். இன்னும் அங்கதான் இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "ஒக்தாவியோ வீட்டுல ஆடே கிடையாது."

உடனே எல்லாம் வந்தது. தண்ணீர் பாக்கெட், ஆரஞ்சுத் தோல், பாதி தின்ற முட்டைப் பணியாரம், ஒற்றைச் செருப்பு. எவரிஸ்தோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார், ஆனால் இறங்கவில்லை. லிசாந்த்ரோ வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பின்னால் திரும்பி அக்கார்டியன்காரருக்குத் தலையசைத்தார். பாட்டு தொடங்கியது. எறிகிறவர்கள் எறிந்துகொண்டே ஆட ஆரம்பித்தார்கள். வரி முடிந்தது, அக்கார்டியன் தனியாக ஓடியது, லிசாந்த்ரோ மைக்குக்குக் குனிந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய தண்ணீர் பாக்கெட் எவரிஸ்தோவின் வலது காதில் வந்து வெடித்தது. தடுமாறியதில் இடது காது ஒலிபெருக்கிப் பெட்டியில் மோதிக்கொண்டது. தலைக்குள் 'ஙொய்' என்று ஒரே சத்தம். அந்தச் சத்தம் அடங்கும்போது பாட்டு இரண்டாவது வரிக்குப் போயிருந்தது. கீழே எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். ஒக்தாவியோ தொப்பியை முகத்தில் சாய்த்துக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தார்.

"சொன்னாரா?" என்றார் எவரிஸ்தோ மனைவியிடம்.

"உனக்குக் கேக்கலையா?"

"காதுல தண்ணி. சொன்னாரா, தெல்ஃபினா?"

"சொன்னார்."

"ரெண்டு குடும்பப் பேரும்?"

"ரெண்டும்."

"எப்படிச் சொன்னார்?"

தெல்ஃபினா சுற்றிலும் பார்த்தாள். கோவிலில்கூட வாயை மட்டும் அசைக்கிறவள் அவள். சுருதி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, தெரியாது என்பது அவளுக்கே தெரியும். பாவாடை நுனியால் அவர் காதைத் துடைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் குனிந்து பாடினாள். "என் புருஷன், எவரிஸ்தோ பிரீத்தோ அமாயா." லிசாந்த்ரோ 'என் நண்பன்' என்றுதான் பாடியிருந்தார். ராகம் எங்கேயோ போனது.

எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவை" என்றார்.